வாசலில் தொடங்கும் தூரம்



போன மாதம் சிலமலைக்குப் போயிருந்தேன். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கும் ஊர் அது. என் பெரியம்மா வீடு அங்கேதான். அவருடைய பேரனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. அன்றிரவு மதுரையில் விமானம். வாசல் திண்ணையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. உள்ளே பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், பழைய துணியில் முடிந்த ஒரு கைப்பிடி ஏலக்காய். பையனின் அம்மா அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிங்கப்பூரு எம்புட்டுத் தூரம் தம்பி?"

"மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும் பெரியம்மா."

அந்த எண்ணை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. "அது கெடக்கட்டும். போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும்?"

"பிளேன்ல நாலு மணி நேரம்."

அவர் மேற்கே திரும்பி மலையைப் பார்த்தார். "நாங்க தோட்டத்துக்குப் போய்ட்டு வார நேரந்தான. அதுக்கா இவ இம்புட்டு அழுகுறா?"

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பயணச் சிறப்பிதழாக வரும் இந்த இதழின் முதல் பக்கத்தை அதற்கே தந்துவிடலாம் என்று தோன்றியது.

பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போனவர். விடியும் முன்னே எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, சாலையோரம் ஜீப்புக்காகக் காத்து நிற்பார். ஜீப்பு முதலில் போடிக்குப் போகும். அங்கிருந்து முந்தல், பிறகு மலைச்சாலை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் போடிமெட்டு; அதற்கப்பால் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறை, தோட்டங்கள். ஏற இரண்டு மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம். வேலை செய்த ஒவ்வொரு நாளும் அவர் சிங்கப்பூர் தூரத்துக்கான நேரத்தை ஜீப்பின் மரப்பலகையில் கழித்திருக்கிறார். எட்டிப் பார்த்தால் தெரிகிற மலைதான் அது. சாயங்காலம் மேலே விளக்கு எரிவது சிலமலைத் தெருவில் நின்றாலே தெரியும்.

தூரம் என்று நாம் சொல்வது எதை? அந்த மூவாயிரத்தையா, அந்த நான்கு மணி நேரத்தையா?

முதலில் மூவாயிரத்தைப் பார்ப்போம். எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய பூகோள உருண்டை இருக்கிறது. அதில் மதுரை இருக்குமிடத்தில் ஒரு நூலின் நுனியை வைத்து, சிங்கப்பூர் வரை இழுத்துப் பிடித்தேன். இலங்கையின் வடபகுதியைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வடபகுதியைக் கடந்து, மலாக்கா நீரிணை வழியாக நூல் போய்ச் சேர்ந்தது. 1025-ல் முதலாம் ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தை நோக்கிப் போன திசையும் ஏறத்தாழ இதுதான். உருண்டையின் மேல் இப்படி இறுக்கிப் பிடித்த நூல் காட்டுவதுதான் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறைந்த தூரம். விமானத் தூரம் என்று அட்டவணைகளில் போடுவதும் அதைத்தான். தட்டையான வரைபடத்தில் அதே கோடு வில்லாக வளைந்து தெரியும். ஊர்கள் தொலைவாகவும் பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியும் இருந்தால் அந்த வளைவு இன்னும் பெரிதாகத் தெரியும்.

நூலை அப்படியே மேற்கே திருப்பித் துபாய்க்கு இழுத்துப் பார்த்தேன். எனக்கே வியப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,010. நம் தென்மாவட்டப் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் இரண்டு பெரிய ஊர்களுக்கும் மதுரை ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் துபாயிலும் எதிர்வீட்டுப் பையன் சிங்கப்பூரிலும் இருந்தால், இரண்டு அம்மாக்களுக்கும் பிள்ளை ஒரே தூரத்தில்தான் இருக்கிறான்.

ஆனால் கடிகாரம் அப்படிச் சொல்லாது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால். மதுரையில் காலை பத்து மணிக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால், துபாயில் இறங்கும்போது அங்கே மதியம் பன்னிரண்டரை. அதே பத்து மணிக்குச் சிங்கப்பூருக்குப் பறந்தால், இறங்கும்போது மாலை நாலரை. பயணச்சீட்டில் அச்சடித்த நேரங்களை மட்டும் கழித்துப் பார்த்தால் ஒன்று இரண்டரை மணி நேரப் பயணம் போலவும் மற்றது ஆறரை மணி நேரப் பயணம் போலவும் தெரியும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கில் போடப்படுகின்றன என்பதை முதல் முறை போகிற பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். ராத்திரி எட்டு மணிக்கு இங்கே சாப்பாட்டை முடித்துவிட்டு அம்மா கூப்பிடும்போது, துபாய்ப் பையன் மாலை ஆறரைக்கு வேலை விட்டு வந்துகொண்டிருப்பான். சிங்கப்பூர்ப் பையன் பத்தரைக்குக் கண் சொருகப் படுத்திருப்பான். ஒரே தூரம்தான், ஆனால் ஒருவனோடு பேச நேரம் இருக்கிறது, இன்னொருவனோடு இல்லை.

அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய ஜெட் விமானம் உயரே போன பின் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பறக்கும். அப்படியானால் மூவாயிரத்துக்கு மூன்றரை மணி நேரம் போதும். மீதி அரை மணி ஓடுதளம் வரை ஊர்ந்து போவதற்கும், ஏறுவதற்கும், இறங்கும் வரிசையில் காத்திருப்பதற்கும் போகிறது. அதற்கு மேல் காற்று இருக்கிறது. ஆடிக் காற்று எப்படி வீசும் என்று தேனிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கேயிருந்து கணவாய் வழியாகப் புகுந்து, கூரையையும் வாழையையும் ஒரு கை பார்த்துவிடும். ஆனால் அதே ஆடி மாதத்தில், நம் தலைக்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில், காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்ன வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் அது. தென்மேற்குப் பருவம் நிலவும் மாதங்களில் தென்னிந்திய வானத்தில் அது வலுவாக ஓடும். அதன் விளிம்பு பட்டாலும், கிழக்கே போகிற விமானத்துக்கு எதிர்காற்று, திரும்பி வருகிறதற்குத் தள்ளுகாற்று. அதே தூரத்துக்குப் போகவும் வரவும் கால் மணி நேரம் முன்னே பின்னே ஆவது இதனால்தான்.

காற்றைவிடப் பெரிய தடையை மனிதர்கள் போடுகிறார்கள். 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாளில் இந்தியாவும் அப்படியே செய்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. உருண்டையின் மேல் நூலைப் பிடித்தால் நீளம் முன்பிருந்ததுதான். பயணம் மட்டும் நீண்டுபோனது. வானத்திலும் செக்போஸ்ட் உண்டு.

இந்த அளவுகளெல்லாம் எங்கே தொடங்கின என்று தேடினால் நம் ஊர் வாசலுக்கே வந்து நிற்கின்றன. சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் பக்கத்திலேயே பரங்கிமலையைப் பார்க்கலாம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கேதான் நூறு அடி எஃகுச் சங்கிலியை விரித்தார். பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை அளந்து முடிக்க அவருடைய ஆட்களுக்கு 57 நாள் ஆனது. இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் நில அளவைக்கு அந்தக் கோடுதான் அடிப்படை. இன்று அந்த நீளத்தை உயரே போகும் ஒரு விமானம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். வெயிலில் சங்கிலி இழுத்த அந்தக் கூலி ஆட்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கிலோமீட்டர் என்ற எண் முதலில் யாரோ சிலருடைய கால்களால் அளக்கப்பட்டது என்பதை மறந்துவிட வேண்டாம்.

போடி மலையிலும் ஒரு காலத்தில் நேர்கோட்டில் ஒரு வழி இருந்தது. போடியிலிருந்து மூணாறு நேராக அளந்தால் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கும் குறைவு. சாலையில் அதைப்போல இரண்டு மடங்கு. நூறு வருடத்துக்கு முன்பு மூணாற்றுத் தேயிலைக்கு அந்தச் சுற்று இருக்கவில்லை. 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-ல் சிறிய ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்குப் பாதை தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தது. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி, அடிவாரத்துக் கொட்டகுடிக்குப் பெட்டிகள் இறங்கின. பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு. அதற்கப்பால் ரயிலும் கப்பலும். 1924-ன் பெருவெள்ளம் மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டி மலையிலிருந்து நேராக இறங்கிய காலத்திலும், அதைச் சுமந்த ஆள் நடந்துதான் ஏறினார், நடந்துதான் இறங்கினார்.

போடிக்கே ரயில் 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் நிறுத்திய வண்டி, 2023 ஜூன் 15 அன்றுதான் மறுபடி போடிக்கு வந்தது. பன்னிரண்டரை வருடம். மதுரை போடியிலிருந்து ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டரை வருடமும் போடிக்காரர்களுக்கு மதுரை முன்னைவிடத் தொலைவில்தான் இருந்தது. வண்டி வந்த நாளில் சென்னையும் சேர்ந்து பக்கத்தில் வந்தது. வாரத்தில் மூன்று நாள், சென்னையில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மேற்குமலை பார்த்து எழுந்திருக்கலாம். விமானத்தில் மதுரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவதைவிட இதற்கு அதிக நேரம் ஆகிறதுதான். ஆனால் அந்த நேரம் தூக்கத்தில் போகிறது. விமானத்துக்கு ஒரு பகல் போகிறது. எது பக்கம் என்பதைப் போகிறவர்தான் சொல்ல வேண்டும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். கூப்பிடு தூரம் என்றார்கள். குரல் எட்டுகிற அளவு. நாழிகை வழி என்றார்கள். ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம், நடந்தால் போகக்கூடிய வழி. தூரத்தையும் நேரத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. போகிற ஆளின் காலும் குரலும் அந்த அளவுக்குள்ளேயே இருந்தன. சங்கிலியும் கிலோமீட்டரும் வந்த பிறகு அளவு துல்லியமாயிற்று, அது பெரிய நன்மை. ஆனால் அளவிலிருந்து ஆள் காணாமல் போனார்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நான்கு மணி நேரத்தை வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நாங்கள் வேன் பிடித்து மாலை நான்கு மணிக்கு சிலமலையை விட்டுக் கிளம்பினோம். போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை என்று அவனியாபுரம் பக்கத்து விமான நிலையத்துக்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போகும்போது இன்னும் மதுரை மண்ணில்தான் நின்றான், ஆனால் பெரியம்மாவுக்கு அவன் அப்போதே போய்விட்டான். இறங்கின பிறகு குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, விடுதிக்குப் போகும் வண்டி. விடுதியில் கட்டில் காட்டிய பிறகுதான் அவனால் கூப்பிட முடிந்தது. நம் கணக்கில் காலை ஆறு மணி.

ரஜூலா கப்பலில் போன காலத்துப் பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். 1926 முதல் 1973 வரை அந்தக் கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களைச் சுமந்தது. கடலில் ஏறத்தாழ ஒரு வாரம். சேர்ந்த செய்தி கடிதமாக வர இன்னும் எத்தனையோ நாள். அதோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள். மூவாயிரம் கிலோமீட்டர் கடலை நான்கு மணி நேரமாகச் சுருக்கிவிட்டோம்.

அதனால்தான் மலை விஷயம் இன்னும் உறுத்துகிறது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ஒரு சாலை வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். நடைபாதை இருக்கிறது, வண்டி போகும் சாலை இல்லை. அது வந்தால் உடும்பன்சோலைத் தோட்டங்களுக்குப் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்ற வேண்டியதில்லை. நடுவில் இருப்பது காடு. யானையும் காட்டுமாடும் தண்ணீரும் இருக்கிற காட்டை வெட்டிச் சாலை போடுவது சின்ன விஷயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். காட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் குரலும் இந்த இதழில் இடம் பெற வேண்டியதுதான். ஆனால் சாலை வரும் வரை, அல்லது வராமலே போனாலும், அந்த ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து பெண்கள் தினமும் நான்கு மணி நேரம் போகிறார்கள். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. வளைவில் வண்டி கவிழ்ந்தால்தான் அது செய்தியாகிறது. நல்ல வண்டி, அளவான ஆட்கள், விடிந்த பிறகு புறப்பாடு: இவற்றுக்குக் காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாம். இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க இவ்வளவு அறிவையும் பணத்தையும் செலவிடுகிற நாம், காயெடுக்கப் போகிற ஒரு பெண்ணின் பத்து நிமிடத்தையும் அதே தராசில் வைக்க வேண்டும். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது இதுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தினமும் போகிற வழியை வாசலிலிருந்து எண்ணி எங்களுக்கு எழுதுங்கள். பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, தோட்டத்துக்கு, மில்லுக்கு, வெளிநாட்டுக்கு. எத்தனை கிலோமீட்டர் என்று எழுத வேண்டாம். எப்போது கதவைச் சாத்தினீர்கள், எங்கே காத்திருந்தீர்கள், எதில் ஏறினீர்கள், போய்ச் சேர்ந்த செய்தி வீட்டுக்கு எப்போது வந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களை வெளியிடுவோம்.

அன்று காலை ஆறு மணிக்குப் பேரன் கூப்பிட்டதும் பெரியம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "சாப்புட்டியா?" பேசி முடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "நாலு மணிக்குக் கெளம்புனான். இப்ப ஆறு. பதினாலு மணி நேரம் ஆயிருச்சே தம்பி. நீ நாலுன்ன." அடுப்படியைப் பார்த்து, "நீ அழுதது சரிதாம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் காப்பித் தண்ணியை வாயில் வைத்தார்.

பழைய கணக்கில் போட்டுப் பார்த்தேன். சிலமலையிலிருந்து சிங்கப்பூர் முப்பத்தைந்து நாழிகை வழி.

அன்புடன்,
ஆசிரியர்